கம்பளிச் சட்டையின் உள்பக்கம்

ஆடும் நாயும் மனிதரும் ஒரே மொழியில் சண்டை போட்டுக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் எந்த விலங்குக்கும் பேச வரும். மனது வைத்தால் பின்னங்காலில் நிமிர்ந்து நடக்கவும் வரும். அப்போது கூதல்மலையில் மனிதர் எல்லோரும் ஒரே மாதிரிச் சட்டைதான் போட்டிருந்தார்கள். வெள்ளைக் கம்பளி நூலில் பின்னிய சட்டை, அதன் கழுத்தோடு சேர்த்துப் பின்னிய குல்லாய். பூ கிடையாது, கோடு கிடையாது. உன் சட்டை, என் சட்டை என்று ஓர் அடையாளமும் கிடையாது.

அந்த மலையில் மேகம் வானத்தில் இருக்காது, தரையில் படுத்துக் கிடக்கும். பட்டப்பகலில்கூட எதிரே வருகிறவர் முகம் தெரியாது. வெள்ளையாக ஏதோ அசைவது மட்டும் தெரியும். வெள்ளையாக அசைந்தால் நம்மவர், பின்னாலேயே போகலாம். ஆட்டுக்குட்டி பிறந்ததும் அதற்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இதுதான். இதை யார் சொன்னார்கள், யாராவது சோதித்துப் பார்த்தார்களா என்று கேட்டால், "காலங்காலமா இப்படித்தான்" என்பார்கள். பதில் இல்லாதவர்கள் வைத்திருக்கும் பதில் அது ஒன்றுதான்.

ஆடுகளுக்கும் மனிதருக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஆடுகள் மயிர் கொடுக்கும். மனிதர் அதை நூற்றுச் சட்டை பின்னிக்கொண்டு, பதிலுக்குக் குட்டிகளைக் காவல் காப்பார்கள். மலைக்குக் கீழே செந்நாய்க்காடு இருந்தது. காவல் இல்லாமல் அங்கே இறங்கிய ஆடு எதுவும் திரும்பி வந்ததில்லை.

மந்தையில் ஒருத்தி மட்டும் கருப்பு. பெயரும் கருப்பி. அவள் மயிரை யாரும் நூற்கமாட்டார்கள். கத்தரித்து வேலியோரம் வீசிவிடுவார்கள். பனியில் கருப்பு தெரியாது, கண்ணுக்குத் தெரியாததை நம்ப முடியாது என்பது ஊரார் கட்சி. ஆனால் கருப்பியின் குட்டி பஞ்சு பால் மாதிரி வெள்ளை. அதனால் பஞ்சை மட்டும் தூக்கிக் கொஞ்சுவார்கள். தாயை ஆட்டுக்கிடையின் ஓரமாகப் போய் நிற்கச் சொல்வார்கள். இதில் இருக்கும் அநியாயம் ஒருவர் கண்ணிலும் படவில்லை. எல்லோருக்கும் நல்ல கண்பார்வைதான், கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்த வருடம் குட்டிகள் காணாமல் போகத் தொடங்கின.

ரத்தம் இல்லை. கத்தல் இல்லை. வேலி உடையவில்லை. மேய்ந்துகொண்டிருந்த குட்டி, பனி ஒருமுறை மூடி விலகினால் அங்கே இருக்காது. யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள், அதுவும் நம்பிப் போயிருக்கிறது. வெளியாள் என்றால் கத்தியிருக்குமே? அப்படியானால் உள்ளாள். இந்த நினைப்பு வந்ததும் ஊர் நாறிப்போனது. அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்தவளை வாசலிலேயே நிறுத்தினார்கள். தண்ணீர்த் துறையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் மூன்றாவது ஆள் வந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். வாயை மூடியதாலேயே அவர்கள் மேல் சந்தேகம் வந்தது.

ஊர்த்தலைவர் மல்லன் கூட்டம் போட்டார். கிடைக்கு நடுவே நெருப்பு மூட்டி, மனிதரும் ஆடுகளும் சுற்றி நின்றார்கள். முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்கள் எல்லாம் பனியில் வெள்ளை வெள்ளையாய்ப் புகைந்துகொண்டிருந்தார்கள்.

கருப்பிதான் முதலில் பேசினாள். ஓரத்தில் நின்றபடியே சொன்னாள். "வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஏதோ ஒண்ணு வருதுங்க. சட்டை நம்மளது. வாடை நம்மளது இல்லை. நனைஞ்ச நாய் வாடை."

நியாயமாகப் பார்த்தால் அந்த இடத்தில் என்ன செய்திருக்க வேண்டும்? எங்கே, எப்போது, எந்தப் பக்கமாக வந்தது என்று கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. மந்தைத் தலைவன் தவளன், கொம்பு சுருண்ட பெரிய வெள்ளைக்கிடா, தாடியை ஆட்டிக்கொண்டு வேறொன்று கேட்டான்.

"அதெப்படி, அந்த வாடை உனக்கு மட்டும் வந்துச்சு?"

"என்னை ஓரத்துலதானே நிக்க வைக்கிறீங்க? காட்டுப்பக்கத்துக் காத்து முதல்ல என் மேலதான் படுது."

"பதிலைப் பார்த்தீங்களா, தயாரா வச்சிருக்கா!" என்றான் தவளன்.

அப்போது பின்னாலிருந்து, பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "அவளேதான் குட்டியைக் கூட்டிக்கிட்டுப் போறா. பனியில கருப்பு நடந்தா யாருக்குத் தெரியும்?"

யார் சொன்னது? ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவர் மனதில் இருந்ததைத்தான் அந்தக் குரல் சொன்னது. "அதானே!" என்றார் ஒருவர். "நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றார் இன்னொருவர். சொந்தக்காரன் இல்லாத ஒரு வார்த்தை இப்படித்தான் நிமிஷத்தில் ஊர்ச்சொத்தாகிவிட்டது.

மல்லனின் தம்பி மகள் நஞ்சி அங்கே நின்றிருந்தாள். நடக்கும்போதும் மூங்கில் ஊசியில் ஏதாவது பின்னிக்கொண்டே நடப்பவள். கையும் ஓயாது, வாயும் ஓயாது என்று ஊரில் பெயர்.

"பெரியப்பா, பார்த்தது யாரு?"

"என்னம்மா?"

"கருப்பியக்கா குட்டியைக் கூட்டிட்டுப் போனதைக் கண்ணால பார்த்தது யாரு? கையைத் தூக்கச் சொல்லுங்க."

கை எதுவும் எழவில்லை. தவளன் விடவில்லை. "யாரும் பார்க்கலைங்கறதுதான் சாட்சி. கருப்பா இருக்கறதாலதானே பார்க்க முடியலை?"

"என்னையுந்தான் யாரும் பார்க்கலை. அப்ப நானும் திருடியா?"

"நீ வெள்ளைச் சட்டை. வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"சட்டை தெரிஞ்சிருக்கும் தவளண்ணே. உள்ளே இருந்தது நான்தான்னு எப்படித் தெரியும்?"

 பதில் இல்லாதபோது குரலை உயர்த்துவது தவளன் வழக்கம், உயர்த்தினான். மல்லன் கையைக் காட்டி அடக்கினார். தீர்ப்புச் சொன்னார். கருப்பி இனிமேல் கிடையில் இருக்கக்கூடாது, நஞ்சியின் வீட்டுக் கொட்டிலில் கட்டிக்கிடக்க வேண்டும். இன்னொரு குட்டி காணாமல் போனால் கருப்பியை மலையை விட்டு இறக்கிவிட வேண்டியது.

"கீழே செந்நாய்க்காடு, பெரியப்பா."

"தெரியும்."

"பஞ்சு?" என்றாள் கருப்பி. 

"குட்டி கிடையிலேயே இருக்கட்டும்" என்றார் மல்லன். "குட்டி மேல எந்தக் குத்தமும் இல்லையே!"

தாய் வேண்டாம், குட்டி வேண்டும். அதையும் ஏதோ சலுகை மாதிரிதான் சொன்னார்.

கொட்டிலில் கருப்பி இரை எடுக்கவில்லை. கிடைப்பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றாள். பஞ்சு கத்தும்போதெல்லாம் கயிறு இழுபட்டது. நஞ்சி பக்கத்தில் உட்கார்ந்து பின்னியபடி, ஊராரை ஒவ்வொருவராகப் பேர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள்.

"திட்டினா என் குட்டி வந்துடுமா, தாயி?" என்றாள் கருப்பி. "வர்றது ஒரு செந்நாய்தான். புதர் மேல காயப்போட்ட சட்டை ஒண்ணைத் தூக்கிட்டுப் போயிருக்கும். நம்ம ஆளுங்க சட்டை காணோம்னா காத்துல போச்சுன்னு விட்டுடுவாங்க. எல்லாருதும் ஒரே மாதிரி இருக்கிறவரைக்கும் அதை எப்படிப் பிடிப்பே?"

நஞ்சியின் ஊசி நின்றது.

"அப்ப ஒரே மாதிரி இருக்கக்கூடாது."

"என்ன பண்ணுவே? மலையில வேற நிறம் ஏது?"

நஞ்சி அவளையே பார்த்தாள். கருப்பிக்கும் புரிந்தது.  "என் மயிரா? அதைத் தொடவே மாட்டாங்களே!"

"தொட வைக்கிறேன் பாரு."

கருப்பியின் மயிரைக் கத்தரித்து, அலசி, தக்களியில் நூற்றாள் நஞ்சி. கருப்பு நூலை ஒரு விரலிலும் வெள்ளை நூலை இன்னொரு விரலிலும் சுற்றிக்கொண்டாள். அதுவரை அந்த மலையில் யாரும் இரட்டை நூலில் பின்னியதில்லை. ஒரு கண்ணிக்கு வெள்ளை, அடுத்த கண்ணிக்குக் கருப்பு. வெள்ளை முன்னால் வரும்போது கருப்பு பின்னால் ஓடும். கருப்பு முன்னால் வரும்போது வெள்ளை பின்னால் ஓடும். எந்த நூலையும் அறுக்கக்கூடாது, இறுக்கி இழுக்கவும் கூடாது. முதலில் கோணல்மாணலாய் வந்தது. பிரித்துப் பிரித்துப் பின்னினாள். கடைசியில் மார்பின் குறுக்கே காட்டெருமைக் கொம்புகள் வரிசையாய் நின்றன. அது பெரியப்பா வீட்டுக்கு. தேன்கூட்டு அறை மாதிரி ஒன்று, சுருண்ட பெரணி இலை மாதிரி ஒன்று, மழைச்சாரல் மாதிரிச் சாய்ந்த கோடு ஒன்று என்று வீட்டுக்கு ஒரு பூவேலையை மனதில் போட்டு வைத்துக்கொண்டாள். சாரலைத் தனக்கு எடுத்துக்கொண்டாள்.

கொம்புச் சட்டையை மல்லன் வீட்டுக்கு எடுத்துப் போனபோது, அவர் மனைவி பொன்னாத்தா அதை விரல்நுனியில்தான் பிடித்தாள்.

"இது அவ மயிருதானே?"

"ஆமா பெரியம்மா."

"நெஞ்சுல போடச் சொல்றே?"

"கொள்ளிக்கட்டையையா தர்றேன்? சட்டை, பெரியம்மா."

பொன்னாத்தா முன்பக்கத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு கண்ணை இடுக்கி நஞ்சியைப் பார்த்தாள். "முன்னால இத்தனை அழகா இருந்தா பின்னால ஏதோ இருக்கும்." சட்டென்று சட்டையை உள்வெளியாகத் திருப்பினாள். அங்கே கருப்பு நூலும் வெள்ளை நூலும் ஒன்றின் முதுகில் ஒன்றாய் ஓடிக்கொண்டிருந்தன. "பாத்தியா! என்னடி இது, கோடும் குறுக்குமா? அவ ஏதாவது சேதி சொல்லி அனுப்புறாளா காட்டுக்கு?"

"முன்னால தெரியாத நேரம் நூல் எங்கே போகும்? பின்னாலதான் போகும். நல்லா பாருங்க, ஒளிவு மறைவு ஏதாவது இருக்கா? எந்த நூல் எங்கே போகுதுன்னு அத்தனையும் தெரியுதா இல்லையா?"

"தெரியுது. தெரியறதாலதான் சந்தேகமா இருக்கு."

இப்படிப்பட்டவர்களிடம் வாதம் செய்து ஜெயித்தவர்கள் உண்டா? நஞ்சி வாதத்தை விட்டாள். சட்டையை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள். அன்று சாயங்காலம் குளிர்க்காற்று அடித்தது. எலும்பைக் கடிக்கிற காற்று. பொன்னாத்தா யாரும் பார்க்காதபோது அந்தச் சட்டையைத் தலைவழியே மாட்டினாள். இரட்டை நூல், இரட்டைக் கனம். முன்னால் ஒரு நூல், அதற்குப் பின்னால் இன்னொரு நூல் என்று காற்றுக்கு வழியே இல்லை. மல்லன் வீட்டுக்குள் வந்தபோது அவள் முகம் சிவந்து, நெற்றியில் வியர்வைகூட இருந்தது.

"எனக்குப் பின்னின சட்டைதானே அது?" என்றார் மல்லன்.

"உங்களுக்கு எதுக்கு இது? உங்களுக்குத்தான் கருப்பு ஆகாதே!"

மறுநாளே இன்னொரு கொம்புச் சட்டை வேண்டும் என்று ஆள் அனுப்பினார் மல்லன். அதன் பிறகு கேட்கவா வேண்டும்? நஞ்சியின் வாசலில் கூட்டம். வருகிற ஒவ்வொருவரும் சட்டையை வாங்கியதும் முதல் வேலையாக உள்வெளியாகத் திருப்பி நூலை விரலால் தடவிப் பார்த்தார்கள். சந்தேகம் தீர்ந்ததா? இல்லை. ஆனால் குளிர் தீர்ந்தது. மாட்டியவர்கள் கழற்றவில்லை. வேலியோரம் வீசிக் கிடந்த பழைய கருப்பு மயிரையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். கொடுக்கும்போது கொட்டிலில் கட்டிக்கிடந்தவளை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

நஞ்சி கிடைக்குப் போய்க் குட்டிகளைக் கூட்டிவைத்துச் சொன்னாள். "இனிமே வெறும் வெள்ளை வந்து கூப்பிட்டா போகாதீங்க. நெஞ்சுல பூவேலை இருக்கான்னு பாருங்க. கொம்பா, கூடா, பெரணியான்னு பார்த்து, இன்னார் வீட்டு ஆளுன்னு தெரிஞ்சாத்தான் போகணும்."

அதிலிருந்து குட்டி எதுவும் காணாமல் போகவில்லை. இப்போதாவது கருப்பியை அவிழ்த்து விட்டிருக்க வேண்டும் அல்லவா? தவளன் என்ன சொன்னான் தெரியுமா? "பார்த்தீங்களா, அவளைக் கட்டிப் போட்டதும் திருட்டு நின்னுபோச்சு!" குட்டி போனால் கருப்பி திருடி. போகாவிட்டாலும் கருப்பிதான் திருடி. இந்த லட்சணத்தில் அவனுக்குப் பெயர் தலைவன்.

பிறகு ஒரு மாலை பனி கனமாக இறங்கியது. மல்லன் உட்பட ஆண்கள் எல்லோரும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். திடீரென்று பஞ்சு தலைகால் புரியாமல் ஓடிவந்தாள். கூட மேயப்போன இன்னொரு வெள்ளைக்குட்டி வரவில்லை.

"கொம்புச் சட்டை கூப்பிட்டுச்சு" என்றாள் பஞ்சு.  "மல்லப்பெரியவர் வீட்டு ஆளுன்னுதான் போனோம். எனக்குக் குளிருதுன்னு சொன்னேன், நெஞ்சோட அணைச்சுக்கிச்சு. ஓடைகிட்டப் போனதும் உறுமிச்சு. நான் வழுக்கிப் பாறைக்குக் கீழே விழுந்துட்டேன். அவளை… அவளைத் தூக்கிட்டுப் போயிடுச்சு."

எல்லோரும் மல்லனைப் பார்த்தார்கள். மல்லன் அவர்கள் நடுவில்தான் அந்நேரம் முழுவதும் உட்கார்ந்திருந்தார். பொன்னாத்தாவும் கண்ணெதிரே வாசலில்தான் இருந்தாள். அப்படியானால் மூன்றாவதாக ஒரு கொம்புச் சட்டை இருக்கிறது.

இதைச் சொன்னதும் ஊர் முழுக்க ஒரே திசையில் திரும்பியது. அவர்களுக்கு அவ்வளவு வேகமாக யோசிக்க வரும் என்று அதுவரை தெரியாது.

"இரட்டை நூல் பின்னத் தெரிஞ்சவ இந்த மலையில ஒருத்திதான்" என்றான் தவளன்.

"மயிரு கொடுக்கிறவளும் ஒருத்திதான்" என்றார் இன்னொருவர்.

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான் இருக்காளுங்க" என்றது பனிக்குள்ளிருந்து ஒரு குரல். "நல்ல ஜோடி. காட்டுக்கு ஒரு சட்டை பின்னிக் கொடுத்துட்டு நமக்குப் பாடம் எடுக்கறா! ரெண்டையும் இறக்கி விடுங்க. இப்பவே இறக்குங்க!"

"இப்பவே!" என்றது கூட்டம்.

கருப்பியைக் கயிறோடு இழுத்து வந்தார்கள். நஞ்சியின் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கினார்கள். மல்லன் நஞ்சியின் எதிரே வந்து நின்றார். "நஞ்சி, நீ எனக்குப் பிள்ளை மாதிரி. உண்மையைச் சொல்லிடு" என்றார். உண்மையைச் சொல் என்றால், நாங்கள் முடிவு செய்ததைச் சொல் என்று அர்த்தம்.

பஞ்சு கூட்டத்தின் கால்களுக்கு நடுவே புகுந்து தாயிடம் வந்தாள். கருப்பிக்கு ஊர் கண்ணில் படவில்லை, குட்டிதான் பட்டது. முகர்ந்தாள், நக்கினாள். நக்கியவள் நின்றாள். பஞ்சின் கன்னத்தில் கருப்பாய் ஒரு தீற்று இருந்தது. அது அவள் நாக்கில் ஒட்டியது.

"நஞ்சி," என்றாள் மெதுவாக, "என் மயிரு சாயம் போகுமா?"

"போகாது. எத்தனை வெளுத்தாலும் போகாது. பிறவி நிறமாச்சே!"

"அப்ப என் பிள்ளை கன்னத்துல இது என்ன? புகைக்கரி மாதிரி கசக்குதே!"

நஞ்சி விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். விரல் கருத்தது. பனிக்குள்ளிருந்து பேசிய குரல் எந்த வீட்டுக் குரல் என்று யோசித்தாள், பிடிபடவில்லை. பிறகு அவள் நிமிர்ந்து ஊரைப் பார்த்துச் சொன்னது ஒரே வாக்கியம்.

"எல்லாரும் சட்டையைக் கழற்றி உள்பக்கத்தை வெளியே போட்டுக்கிட்டு மறுபடி மாட்டுங்க."

"பைத்தியமா? இந்தக் குளிர்லயா?"

"நாங்க செத்துப்போகக் காட்டுக்குப் போறோம். நீங்க ஒரு நிமிஷம் நடுங்கமாட்டீங்களா?"

 பொன்னாத்தாதான் முதலில் கழற்றினாள். நஞ்சியின் மேல் பாசம் வந்து கழற்றவில்லை. இந்தச் சட்டையில் இன்னும் ஏதோ இருக்கிறது என்ற சந்தேகம் அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே இருந்தது, அதைத் தீர்த்துக்கொள்ள இதுதான் சமயம் என்று கழற்றினாள். "ம், கழட்டுங்க எல்லாரும்! மடியில ஒண்ணும் இல்லாதவனுக்கு என்ன நோகுது?" என்று அதட்டினாள். அவள் அதட்டினால் மல்லனே கேட்பார். கேட்டார். ஒவ்வொருவராக முணுமுணுத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றித் திருப்பி மாட்டினார்கள். நெருப்பு வெளிச்சத்தில் மார்பு மார்பாகக் கருப்பு நூலும் வெள்ளை நூலும் ஓடிக்கொண்டிருந்தன. ஒருவர் சட்டையிலும் ஒளிந்துகொள்ள இடம் இல்லை.

"பின்னால நிக்கறவங்களும் நெருப்புகிட்ட வாங்க" என்றாள் நஞ்சி.

வந்தார்கள். குல்லாயை மூக்குவரை இழுத்துவிட்ட ஓர் உருவம் மட்டும் வரவில்லை.

"எனக்கு இருமல்" என்றது அது. "காத்துப்பட்டா ஆகாது."

அந்தக் குரல்! "இப்பவே இறக்குங்க" என்று சற்று முன் கத்தியபோது அதற்கு இருமல் இல்லையே?

பொன்னாத்தா அருகில் போனாள். மார்பில் கொம்பு வரிசை. அவள் வீட்டுக் கொம்பு. "எங்க வீட்டுச் சட்டையைப் போட்டிருக்கே, நீ எங்க வீட்டுல யாரு? எனக்கே தெரியாம ஒரு மச்சினனா?" என்று சட்டையின் கீழ்விளிம்பைப் பிடித்து மேலே சுருட்டினாள்.

உள்ளே வெறும் வெள்ளை.

ஒரு கருப்பு நூல்கூட இல்லை. முன்பக்கத்தில் கொம்பு, உள்பக்கத்தில் ஒன்றுமே இல்லை. பழைய வெள்ளைச் சட்டையின் மேல் புகைக்கரியைக் குழைத்துப் பூவேலை வரைந்து வைத்திருந்தது. பொன்னாத்தாவின் கையெல்லாம் கரி. இழுத்த இழுப்பில் குல்லாய் பின்னால் சரிந்தது. கூரான செம்பழுப்புக் காது இரண்டு எழுந்து நின்றன.

தூக்கிய குட்டியைக் காட்டில் போட்டுவிட்டு, அடுத்த இரையை ஊரே இறக்கிவிடட்டும் என்று திரும்பி வந்து கூட்டத்தில் நின்றிருக்கிறது. செந்நாய் எல்லோரையும் ஒருமுறை பார்த்தது. "முன்பக்கத்தை மட்டுந்தானே பார்ப்பீங்க?" என்றது. கோபமாகச் சொல்லவில்லை. ஏமாந்துவிட்ட மாதிரிச் சொன்னது. அடுத்த கணம் நாலு காலில் விழுந்து பனிக்குள் பாய்ந்தது. ஆண்கள் கொள்ளிக்கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடை வரை துரத்திப் போனார்கள். அதற்குப் பிறகு எந்தச் செந்நாயும் மனிதர் குரலில் பேசத் துணியவில்லை. காட்டுக்குள் ஒன்றையொன்று சீழ்க்கையடித்துக் கூப்பிடுவதோடு சரி.

ஆண்கள் திரும்பி வந்தார்கள். மல்லன் கருப்பியின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தார். அவிழ்க்க நேரமாயிற்று. முடிச்சு அவ்வளவு இறுகியிருந்தது.

"ஆனது ஆச்சு" என்றார். "மனசுல வச்சுக்காதேம்மா."

"அவ்வளவுதானா பெரியப்பா?" நஞ்சி குறுக்கே வந்து நின்றாள். "குத்தம் சொன்னப்ப ஊரே கூடிச் சத்தமாச் சொன்னீங்க. இப்ப மட்டும் காதுக்குள்ள முணுமுணுக்கிறீங்க?"

 தவளன் தாடியை ஆட்டி ஏதோ ஆரம்பித்தான். "மந்தையின் நன்மையை நினைச்சுத்தான் நான்…"

"நான் கொஞ்சம் பேசிக்கிறேன்" என்றாள் கருப்பி.

எல்லோரும் அவளுக்கு வழிவிட்டு விலகினார்கள். அன்றைக்குத்தான் முதன்முதலாக அவள் நெருப்புக்கு அருகே வந்து நின்றாள். பஞ்சு அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"என் மயிரு உங்களுக்கு வேணுமா?"

 ஒவ்வொரு கையும் தன்னை அறியாமல் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"எடுத்துக்கங்க. வருஷா வருஷம் தர்றேன். உங்க பிள்ளைங்க குளிர்ல நடுங்கணும்னு நான் நினைக்கலை. ஆனா பேச்சு இதோட சரி. நாய் வாடை அடிக்குதுன்னு முதல் நாளே உங்க மொழியிலதான் சொன்னேன், உங்க காதுலதான் சொன்னேன். நான் சொன்னதை விட்டுட்டு என் நிறத்தைப் பார்த்தீங்க. இனிமே நிறத்தையே வச்சுக்கங்க."

குட்டியைப் பறிகொடுத்த வெள்ளைத் தாயாடு ஒன்று மந்தையிலிருந்து பிரிந்து வந்து கருப்பியின் பக்கத்தில் நின்றது. பிறகு இன்னொன்று. பிறகு மந்தையே வந்தது. தவளன் மட்டும் தனியாக நின்று நெடுநேரம் பேசிப் பார்த்தான். கேட்க ஆளில்லாத பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, கடைசியில் நீளமான ஒரு "மே" தான் மிஞ்சியது.

நஞ்சி மட்டும் முழங்காலிட்டுக் கருப்பியின் காதோடு கேட்டாள். "என்கூடவுமா அக்கா? நான் என்ன பண்ணினேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலை, தாயி." கருப்பி தன் நெற்றியை அவள் தோளில் வைத்தாள். "உன்கூட மட்டும் பேசினேன்னா, என்ன பேசினா, யாரைப் பத்திப் பேசினான்னு அவங்க உன்னைக் கேட்பாங்க. மறுபடி முதல்லேருந்து ஆரம்பிப்பாங்க."

அதுதான் ஓர் ஆடு மனிதரிடம் பேசிய கடைசி வார்த்தை.

அதற்குப் பிறகு மலையில் ஆயிரம் விதமான சட்டை வந்து போய்விட்டது. ஆனாலும் கருப்பும் வெள்ளையுமாய்ப் பூவேலை போட்டுக் கையால் பின்னிய கம்பளிச் சட்டையைக் கண்டால் நம் கை தானாக நீள்கிறது. நீண்ட கை முதல் காரியமாக அதை உள்வெளியாகத் திருப்பி, பின்னால் நூல் ஓடுகிறதா என்று தடவிப் பார்க்கிறது. கடைக்காரரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. இந்தப் பழக்கம் அன்றைக்கு அந்த நெருப்பைச் சுற்றி நின்றவர்களிடமிருந்து வந்தது. நமக்குச் சட்டை கொடுக்கும் ஆடு, நாம் எத்தனை கெஞ்சினாலும் "மே" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை தராமல் இருப்பதும் அன்றிலிருந்துதான்.